அந்தப் பிள்ளை வாசித்த கவிதை

ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் நடந்ததை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளை, கை நடுங்க ஒரு கவிதை வாசித்தாள். முகப்பருவை மறைக்க, பஸ்ஸில் ஜன்னல் பக்கமே கழுத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு போவதைப் பற்றி. முடித்ததும் மேடையிலிருந்த பெரியவர் மைக்கை வாங்கி, "இதெல்லாம் டைரியில் எழுத வேண்டிய சின்ன விஷயம்" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் அங்கேதான் இருந்தேன், எழுந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று நாளாகத் தூக்கம் இல்லை.

அது சின்ன விஷயம் இல்லை, ஐயா.

எனக்கு 15 வயதில் முன்பல் இரண்டும் தூக்கலாக இருக்கும். கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் தமிழ் மீடியம் முடித்துப் பாலக்காட்டுக்குப் படிக்கப் போனேன். வாயைத் திறந்தால் பல்லுக்கு ஒரு சிரிப்பு, என் மலையாளத்துக்கு ஒரு சிரிப்பு. 'பாண்டி' என்பார்கள், தமிழர்களைக் கேலி செய்யச் சொல்லும் பெயர். கையால் வாயை மூடிப் பேசப் பழகினேன். இப்போது 46 வயது. என் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூடப் பல் தெரியாது. கோயம்புத்தூர் போனால் "நீங்க மலையாளியா?" என்பார்கள். சரி, அதைத் தொடங்கினால் நிற்காது.

"எங்க காலத்துல பசி இருந்துச்சு, பருவுக்கெல்லாம் ஏது நேரம்" என்றார் ஒரு அண்ணன். பசித்தவனுக்கு வெட்கம் இருக்காதா அண்ணா? கிழிந்த சட்டையை மறைக்கத் துண்டு போர்த்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனதை என் அப்பா 70 வயதிலும் சொல்லி அழுதார். அதுவும் சின்ன விஷயமா?

கவிதையாகத் தேறாது என்கிறீர்கள். கடைசி வரிகள் எனக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் "ஒவ்வொரு ஸ்டாப்பிலும் என் கன்னத்தில் ஏறி இறங்குகிறார்கள்" என்று எழுதினாளே, அந்த மாதிரி ஒரு வரி அன்றைக்கு மேடையில் வேறு யார் வாசித்தீர்கள்?

1967ல் டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் இதற்குக் 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்று பெயரே வைத்தார். அந்த வயதில் ஊரே தன்னைத்தான் பார்க்கிறது என்று மனசு நம்பிவிடும். அன்றைக்கு அவளுக்கு அது கற்பனையும் இல்லை. எண்பது பேர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

தாளைக் கிழித்துப் போட்டுவிட்டாளாம். அவள் அம்மா என் கடைக்கு வந்தபோது சொன்னார். பாப்பா, வாசிக்கும் முன்னால் என்னிடம் காட்டினாயே, அப்போதே போட்டோ எடுத்துவிட்டேன். பிரிண்ட் போட்டுக் கல்லாவில் வைத்திருக்கிறேன். ஸ்கூல் விட்டு வரும்போது வாங்கிக்கொள்.