ஓரத்தில் யார் நிற்பது?

(மாமா, பேருந்து கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளை, கும்பகோணத்தில் கல்யாண போட்டோகிராபர். மாமாவின் இளைய மகளுக்கு ஐப்பசியில் கல்யாணம். காபி வந்துவிட்டது, விஷயம்தான் இன்னும் வரவில்லை. கடன் கேட்க வந்த மாப்பிள்ளைகள் முதலில் உடல்நலத்தைத்தான் விசாரிப்பார்கள்.)

மாப்பிள்ளை: முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது மாமா?

மாமா: எவ்வளவு வேண்டும்?

மாப்பிள்ளை: அது வந்து... ஒரு லென்ஸ். நிக்கான் 14-24, எஃப் 2.8. லட்சத்துக்கு மேலே ஆகும்.

மாமா: லென்ஸா, ஸ்டூடியோவா?

மாப்பிள்ளை: தாலி கட்டுகிற நேரத்தில் நான் நிற்கிற இடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? வீடியோக்காரர் முதுகில் இடிப்பார். முன்னால் ஹோமப் புகை. பின்னால் நகர்ந்தால் யாராவது ஒரு அத்தையின் மடி. நல்ல வைடு லென்ஸ் இருந்தால் நின்ற இடத்திலேயே மணவறை முழுக்க வந்துவிடும்.

மாமா: இருக்கிற லென்ஸில் வராதா?

மாப்பிள்ளை: அது கேமராவோடு வந்த 18-55. மி.மீ. எண் குறையக் குறையத்தான் அகலம் கூடும். இதில் அகலமும் போதாது, வெளிச்சமும் போதாது. எஃப் 2.8 என்றால் வெளிச்சம் நுழைகிற ஓட்டை பெரிது மாமா. எஃப் 4 என்றால் சின்னது.

மாமா: காலமெல்லாம் சில்லறை எண்ணியவனிடம் வந்து நாலை விட ரெண்டே முக்காச் சொச்சம் பெரிது என்கிறீர்கள்.

மாப்பிள்ளை: வகுத்தல் கணக்கு மாமா. ஏதோ ஒரு லென்ஸை 28 மி.மீ.யில் வைத்திருக்கிறோம் என்று வையுங்கள். 28ஐ 2.8ஆல் வகுத்தால்?

மாமா: பத்து.

மாப்பிள்ளை: ஓட்டையின் விட்டம் 10 மி.மீ. இப்போது 4ஆல் வகுங்கள்.

மாமா: ஏழு. பத்துப் பத்து நூறு, ஏழேழு நாற்பத்தொன்பது... அட, நாலில் வைத்தால் பாதி வெளிச்சம்தான் உள்ளே ஏறும்!

மாப்பிள்ளை: என் உதவியாளனுக்கு இன்னும் இது மண்டையில் ஏறவில்லை.

மாமா: அவனுக்கு டிப்போவில் கணக்கு ஒப்படைத்த அனுபவம் இல்லை. சரி, வெளிச்சம் குறைந்தால் ஃபிளாஷ் போட வேண்டியதுதானே?

மாப்பிள்ளை: மேலே ரோஸ் துணி கட்டியிருப்பார்கள். அதில் அடித்து வெளிச்சத்தைத் திருப்பினால் பெண்ணும் ரோஸ், அய்யரும் ரோஸ்.

மாமா: அப்படியானால் நிக்கானிலேயே அந்த 16-35 லென்ஸ்? எஃப் 4தான், ஆனால் கை நடுங்கினால் லென்ஸே சமாளித்துக்கொள்ளுமாமே.

மாப்பிள்ளை: (திடுக்கிட்டு) உங்களுக்கு எப்படித் தெரியும்?

மாமா: நீங்கள் கடன் கேட்டு வரப்போவதை என் மகள் நேற்றே சொல்லிவிட்டாள். மற்றதெல்லாம் உங்கள் பையன் செல்லில் பார்த்துச் சொன்னான்.

மாப்பிள்ளை: (சொந்த வீட்டிலேயே ஆள் வைத்திருக்கிறார்!) மாமா, அந்த வசதி என் கை நடுங்கினால்தான் உதவும். மாப்பிள்ளை கை நடுங்கினால் உதவாது.

மாமா: நீங்கள்தானே மாப்பிள்ளை?

மாப்பிள்ளை: தாலி கட்டுகிற மாப்பிள்ளை! முதல் முடிச்சிலேயே விரல் டைப் அடிக்கும். எஃப் 4இல் நொடியில் 60இல் ஒரு பங்கு நேரம் தேவைப்படுகிற வெளிச்சத்தில், 2.8 என்றால் 125இல் ஒரு பங்கில் எடுத்துவிடலாம். விரல் விரலாக வரும்.

மாமா: ஒப்புக்கொள்கிறேன், 2.8தான். (சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுக்கிறார்.) ஆனால் உங்கள் கேமரா டி5600. படம் பதிகிற சென்சார் சின்னது, அதனால் அகலம் குறையும், லென்ஸின் மி.மீ. எண்ணை 1.5ஆல் பெருக்கிப் பார்க்க வேண்டும் என்கிறான் உங்கள் பையன். கையில் இருக்கிற 18ஐப் பெருக்கினால் 27. நீங்கள் கேட்கிற 14ஐப் பெருக்கினால் 21. லட்ச ரூபாய்க்கு இவ்வளவுதான் அகலமா?

மாப்பிள்ளை: பின்னாளில் பெரிய சென்சார் கேமரா வாங்கினால்...

மாமா: அதற்கும் இங்கேதான் வருவீர்கள். டோக்கினா 11-16 என்று ஒன்று இருக்கிறதாம். அதுவும் 2.8. 11ஐப் பெருக்கினால் 16.5, உங்கள் லட்ச ரூபாயை விட அகலம்!

மாப்பிள்ளை: அதை ஜூம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. திருக ஆரம்பித்தவுடனே முடிந்துவிடும்.

மாமா: உங்களுடையது ஏறக்குறைய ஒரு கிலோவாம். முன்கண்ணாடி புடைத்துக்கொண்டு நிற்குமாம், சாதாரண ஃபில்டரைத் திருக வழியில்லையாம். அட்சதை பறக்கிற இடத்தில் அதை நீட்டிக்கொண்டு நிற்பீர்களா?

மாப்பிள்ளை: (மௌனம். போன முகூர்த்தத்தில் கண்ணாடியில் வந்து விழுந்த மஞ்சள் அரிசி ஞாபகத்துக்கு வருகிறது.) டோக்கினாவில் 77 மி.மீ. ஃபில்டர் போட்டுக்கொள்ளலாம்தான்.

மாமா: செகண்ட் ஹேண்டில் பாருங்கள்.

மாப்பிள்ளை: பார்த்துத்தான் வாங்க வேண்டும். நிக்கானுக்கு வந்த முதல் டோக்கினா மாடலில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. என் கேமராவிலும் கிடையாது. இரண்டையும் சேர்த்தால் ஃபோகஸை நானே கையால் திருக வேண்டும், அதற்குள் பந்தி முடிந்துவிடும். 2012இல் வந்த இரண்டாவது மாடலில் மோட்டார் உண்டு. உள்ளே பங்கஸ் படர்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்தும் பார்க்க வேண்டும்.

மாமா: அதை நான் பார்க்கிறேன். ஓடுகிற பஸ்ஸில் கள்ள நோட்டு பிடித்த கண் இது. சரி, நம் வீட்டுக் கல்யாணத்துக்கு போட்டோக் கூலி?

மாப்பிள்ளை: என்ன மாமா, மச்சினி கல்யாணத்துக்குக் காசு வாங்குவேனா?

மாமா: லென்ஸுக்கு வாங்குகிறீர்களே.

மாப்பிள்ளை: அது கடன்.

மாமா: அந்த வார்த்தையை உங்கள் வாயாலேயே கேட்க வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். இன்னொன்று. சென்ற வருஷம் எங்கள் அக்காவைப் படம் எடுத்தீர்களே, இரண்டு டிக்கெட் கொடுக்க வேண்டிய அகலத்தில் வந்தாள். அது ஏன்?

மாப்பிள்ளை: ஒரு நண்பரிடம் வைடு லென்ஸ் இரவல் வாங்கியிருந்தேன். அகலமாக எடுக்கும்போது ஓரத்தில் நிற்பவர்களை வெளிப்பக்கமாக இழுக்கும். நடுவில் நிற்பவருக்கு ஒன்றும் ஆகாது.

மாமா: (நிமிர்ந்து உட்கார்ந்து) ஓரத்தில் நின்றால் கட்டாயம் குண்டாகத்தான் வருவாரா?

மாப்பிள்ளை: கவலைப்படாதீர்கள். குரூப் படத்துக்குக் கொஞ்சம் பின்னால் போய் 16இல் எடுத்தால் அவ்வளவாக இழுக்காது.

மாமா: 16 யார் கேட்டது? பத்திரிகையில் பெயர் முதலில் வரவில்லை என்று என் பங்காளி மூன்று மாதமாகப் பேச்சை நிறுத்தியிருக்கிறான். அவனை வலது ஓரத்தில் நிறுத்துகிறேன். நீங்கள் 11இலேயே வையுங்கள்.