கல்லீரல் கொழுப்புக்கு அடுக்களையை மட்டும் கேட்டால் போதுமா?

குழந்தைக்கு ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பு என்று வந்துவிட்டால் போதும், உடனே அம்மாவைப் பிடித்துக்கொள்வார்கள். "பிஸ்கட் குடுத்தியா? சிப்ஸ் குடுத்தியா?" சாப்பாடும் ஓடி விளையாடாததும் பெரிய காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் விசாரணை அடுக்களையோடு நின்றுவிடுகிறதே, வெளியிலிருந்து உடம்புக்குள் வரும் ரசாயனங்களை யாரும் கேட்பதில்லையே, அதுதான் எரிச்சல்.

1968-இல் மேற்கு ஜப்பானில் ஒரு தவிட்டெண்ணெய் ஆலை. எண்ணெயின் வாடையைப் போக்கச் சூடேற்றும் குழாய்களில் பிசிபி என்ற குளோரின் ரசாயனம் ஓடியது. அது கசிந்து எண்ணெயில் கலந்துவிட்டது. முதலில் செத்தது கோழிகள், லட்சக்கணக்கில். அவற்றின் தீவனத்தில் அதே ஆலையின் எண்ணெய் இருந்தது. அப்போதே மனிதர்கள் வாங்கும் எண்ணெயைத் தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை. அப்புறம் ஜனங்களுக்கு முகத்திலும் உடம்பிலும் கட்டிகள். அந்த எண்ணெயைச் சாப்பிட்ட கர்ப்பிணிகளுக்குத் தோல் கறுத்த குழந்தைகள் பிறந்தன. நோயாளிகளின் ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பும் ஏறியிருந்தது. 1979-இல் தைவானில் அப்படியே இன்னொரு முறை!

பிசிபியும், குளோரின் கலந்த குப்பை எரியும்போது உண்டாகும் டயாக்சின் என்ற நச்சு வகையும் கொழுப்பில் போய் உட்கார்ந்துகொள்பவை. டயாக்சின்களிலேயே மோசமானது உடம்பில் பாதியாகக் குறையவே ஏழெட்டு வருஷம் ஆகும். தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகவும் பால் வழியாகவும் பிள்ளைக்குப் போகும். கருவில் இருக்கும்போது கல்லீரலுக்கு ரத்த அணுக்களை உண்டாக்கும் வேலைதான் அதிகம். பிறந்து பால் குடிக்க ஆரம்பித்த பிறகுதான் கொழுப்பை எரிப்பது சூடுபிடிக்கும். சரியாக அந்த நேரத்தில் இந்தச் சரக்கும் வந்து சேர்கிறது. எலிகளில் பார்த்திருக்கிறார்கள்: டயாக்சின் பட்ட கல்லீரல் கொழுப்பைக் கூடுதலாக உள்ளே இழுக்கிறது, குறைவாக எரிக்கிறது, வெளியே அனுப்புவதும் குறைகிறது.

ஜப்பான் கதை நமக்கெதற்கு என்பீர்கள். சென்னை பெருங்குடி குப்பைமேட்டருகே வசித்த தாய்மார்களின் பாலில் டயாக்சின் அதிகம் என்று 2004-இல் ஆய்வே வெளிவந்தது. மேட்டில் மேய்ந்த மாடுகளின் பால் வழியாக வந்திருக்கலாம் என்றது அது. (இதைப் படித்துவிட்டு யாரும் தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள். அதன் நன்மை இதைவிடப் பெரிது.)

எங்கள் பகுதியில் இன்றும் பிவிசி (குளோரின் உள்ள பிளாஸ்டிக்) உறை போட்ட வயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கிறார்கள். டயாக்சின் உண்டாக அதைவிடத் தோதான அடுப்பு வேண்டாம். பக்கத்திலேயே கறவை மாடுகள். புகார் சொன்னால், "புகைதானே சார், காத்துல போயிடும்" என்று பதில் வருகிறது. போகாது. புல்லில் படியும், மாடு மேயும், காலையில் பாலாக வீட்டுக்கு வரும். அந்த வயர் குவியலை அள்ள யாருக்கு மனு கொடுக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், கையெழுத்து வாங்கித் தருகிறேன்.