'ரன்'னுக்கு 645, 'ஓடு'வுக்கு ஒன்றுதானா?

நண்பர் ஒருவர், "ஆங்கிலத்தில் 'ரன்' என்ற சொல்லுக்கு 645 அர்த்தம், தமிழில் 'ஓடு'வுக்கு ஒன்றுதான்" என்று எழுதியிருக்கிறார். எண் சரி, ஒப்பீடு தவறு.

645 என்பது ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் கணக்கு. நுணுக்கமான பொருள் வேறுபாடுகளையும் தனித்தனியாகப் பிரித்து எண்ணியது. அதே அகராதியின் 1989 பதிப்பில் 'செட்' (set) என்ற சொல்தான் முதலிடம், சுமார் 430 அர்த்தம். அகராதியைத் திருத்தி எழுதும்போது வரிசையும் மாறுகிறது.

'ஓடு'வுக்கு ஒரே அர்த்தமா? படம் நூறு நாள் ஓடியது, பஸ் ஓடவில்லை, கடிகாரம் ஓடுகிறது, ஆறு ஓடுகிறது, நாள் ஓடிப்போச்சு, மண்டையில் ஒன்றும் ஓடவில்லை. இதில் எங்கே கால் இருக்கிறது?

இன்னொன்று முக்கியம். இயந்திரம் ஓடினாலும், அதை ஒருவர் ஓட்டினாலும் ஆங்கிலத்தில் 'ரன்'தான். நாம் ஓடு, ஓட்டு என்று பிரித்துவிடுகிறோம். கடையானால் 'நடத்து', தேர்தலானால் 'போட்டியிடு', சாயமானால் 'போகிறது'. அங்கே ஒரு சொல்லின் கீழ் குவிவது இங்கே பல சொற்களில் பரவிக் கிடக்கிறது. அதை ஏழ்மை என்று பிள்ளைகளிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள்.