உதவி கேட்கும் மேசையும் அப்ரைசல் போடும் மேசையும்

மனப்பதற்றத்தாலோ மனச்சோர்வாலோ அவதிப்படும் ஊழியருக்கு இன்றைய அலுவலகங்களில் ஆறுதல் வார்த்தைகளுக்குப் பஞ்சமில்லை. ஆண்டுதோறும் அக்டோபர் 10, உலக மனநல நாளன்று, மனிதவளத் துறையிலிருந்து மின்னஞ்சல் வருகிறது. லிஃப்ட் அருகே சுவரொட்டி ஒட்டுகிறார்கள். மதிய உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் மூச்சுப் பயிற்சியும் நடக்கிறது. 2024-இல் அந்த நாளின் கருப்பொருளே பணியிட மனநலம் என்பதால், அந்த ஆண்டு எல்லாமே கொஞ்சம் தடபுடலாக நடந்தன. இவற்றை நான் கேலி செய்யவில்லை. ஆனால், உதவி கேட்க வேண்டிய மேசையும் சம்பள உயர்வைத் தீர்மானிக்கும் மேசையும் ஒன்றாகவே இருக்கும்வரை, எத்தனை சுவரொட்டி ஒட்டினாலும் ஊழியர் வாய் திறக்க மாட்டார் என்பதே என் கருத்து.

விடுப்பு விண்ணப்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சில நாள்களுக்கு மேல் உடல்நல விடுப்பு எடுத்தால் பல நிறுவனங்கள் மருத்துவச் சான்றிதழ் கேட்கின்றன. மனநல மருத்துவர் தரும் சான்றிதழின் தலைப்பிலேயே அவருடைய துறை அச்சிடப்பட்டிருக்கும். கீழே எழுதியிருக்கும் நோயின் பெயரைப் படிக்கவே வேண்டியதில்லை. எங்கள் பிரிவில் இருந்த இளைஞர் ஒருவர், மனச்சோர்வுக்கு முறையாகச் சிகிச்சை பெற்றுக்கொண்டே, விடுப்புக்காக மட்டும் தெருமுனை கிளினிக்கில் 'டைஃபாய்டு' என்று எழுதி வாங்கி வந்தார். வேலைக்குத் திரும்பிய அன்று மேலாளர் உண்மையான அக்கறையோடு, "தம்பி, வெளிச்சாப்பாட்டைக் குறைச்சுக்கோங்க" என்றார். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு அவரும் இருக்கைக்குப் போனார். இருவரும் நல்லவர்கள்தான், ஆனால் சிகிச்சை பெறுபவர் ஒருவர் பொய்ச் சான்றிதழ் வாங்கித்தான் ஓய்வெடுக்க முடியும் என்ற நிலையை எந்த மூச்சுப் பயிற்சி மாற்றிவிடும்?

இப்படியானவர்கள் விதிவிலக்கும் அல்ல. பெங்களூரில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, பதற்றம், மனச்சோர்வு போன்ற பரவலான மனநலக் கோளாறுகள் உள்ளவர்களில் ஏறத்தாழ 85 சதவீதத்தினர் சிகிச்சைக்கு வெளியேதான் இருந்தனர். சிகிச்சைக்குச் சென்றவரே மறைத்துச் செல்லும்போது, செல்லாதவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் மருத்துவக் காப்பீடு தரப்படுகிறதோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தரப்பட வேண்டும் என்று 21-ஆம் பிரிவில் கூறுகிறது. படிக்கும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் நம் ஊரில் மருத்துவக் காப்பீடு என்பது பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும் ஏற்பாடு. மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்களில் பெரும்பாலோர் படுக்கையில் சேர்க்கப்படுவதில்லை. வெளிநோயாளராகச் சென்று, மருத்துவரைப் பார்த்து, மாத்திரை வாங்கிக்கொண்டு, மாதக்கணக்கில் உளவியல் ஆலோசகரிடம் அமர்ந்து பேசித்தான் தேறுகிறார்கள். அந்தச் செலவு முழுவதும் சொந்தப் பையிலிருந்து போகிறது. சமத்துவம் காகிதத்தில் நிறைவேறிவிட்டது, ரசீது மட்டும் ஊழியரிடமே தங்கிவிடுகிறது.

பெரிய நிறுவனங்கள் வெளி அமைப்பு ஒன்றோடு ஒப்பந்தம் செய்து, தொலைபேசியில் இலவச ஆலோசனைக்கு ஏற்பாடு செய்திருக்கின்றன. யார் பேசினார்கள் என்பது நிறுவனத்துக்குத் தெரியாது, மொத்த எண்ணிக்கை மட்டுமே போகும் என்பதே பொதுவான விதி. அதை நம்பிப் பயன்படுத்தலாம். ஆனால் முதல் அழைப்பிலேயே, தகவல் எங்கெல்லாம் போகும், எத்தனை அமர்வுகள் கிடைக்கும் என்று கூச்சப்படாமல் கேட்டுவிட வேண்டும். ஒரு சில அமர்வுகளோடு முடிந்துவிடும் ஏற்பாடுகள் பல உண்டு. பாதி வழியில் இறக்கிவிடப்படுவோம் என்று முன்பே தெரிந்தால், அடுத்த வண்டியைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

ஆகவே, முதல் கதவு அலுவலகத்துக்கு வெளியே இருக்கட்டும் என்பேன். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட, அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப் பார்த்தாலும் தயங்காமல் இதே எண்ணை அழைக்க வேண்டும். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பும் இதற்கென்றே இருக்கிறது. நேரில் பார்க்க விரும்புவோருக்குத் தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் உண்டு. மருத்துவரும் மாத்திரையும் இலவசம். வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். ஆனால் அந்த வெளிநோயாளர் சீட்டை உங்கள் மேலாளர் பார்க்கப்போவதில்லை.

மருந்து தொடங்கினால் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். எஸ்சிடலோப்ராம் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் தலைவலி மாத்திரை மாதிரி அன்றே வேலை செய்யாது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், அதற்கு முன்பே குமட்டல் முதலிய தொல்லைகள் வரலாம். பலர் இந்த இடைவெளியில்தான் "இது நமக்குச் சரிப்படாது" என்று தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். விடுப்போ வேலைக்குறைப்போ மிகவும் தேவைப்படுவதும் இந்த வாரங்களில்தான்.

அலுவலகத்தில் எவ்வளவு சொல்வது? நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய கடமை இருப்பதுபோலப் பலர் நினைக்கிறார்கள். அந்தப் பெயரைவிடத் தேவையைச் சொல்வதே பயன் தரும்: "சிகிச்சையில் இருக்கிறேன், இரண்டு மாதத்துக்கு இரவு ஷிஃப்ட் வேண்டாம்" என்றால் மேலாளரால் ஏதாவது செய்ய முடியும். நோயைக் குறிப்பிடாமல் ஓய்வு தேவை என்று மட்டும் சான்றிதழ் தர முடியுமா என்று மருத்துவரிடமே கேட்கலாம்.

மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர், தொழிலாளர்களுக்கான அரசு காப்பீட்டுத் திட்டமான ஈ.எஸ்.ஐ.யை மறக்கக் கூடாது. நோய்க்காலத்தில் ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைப்பது பலருக்குத் தெரியும். 80 சதவீதத்தோடு நெடுங்காலம் நீட்டிக்கப்படும் நோய்களின் பட்டியலில், காசநோய்க்கும் புற்றுநோய்க்கும் பக்கத்தில், மனச்சோர்வின் ஒரு வகையும் இருக்கிறது என்பதை யாரும் சொல்லித்தருவதில்லை. போதிய காலம் சந்தா கட்டியவர்கள் கிளை அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும்.

மனநலப் பாதிப்புள்ள ஊழியரை அலுவலகம் எப்படி நடத்த வேண்டும் என்பதை நீதிமன்றமும் யோசித்திருக்கிறது. மனநலப் பாதிப்பு இருந்த மத்திய ரிசர்வ் காவல் படை அலுவலர் ஒருவர் மீதான ஒழுங்கு நடவடிக்கையை 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது; இத்தகைய பாதிப்பு உள்ளவர்கள் மற்றவர்களைவிட எளிதாக இந்த நடவடிக்கைகளில் சிக்குகிறார்கள் என்பதால் அது மறைமுகப் பாகுபாடு ஆகும் என்றது. அந்தப் பாதுகாப்பு அரசு ஊழியருக்குக் கிடைக்கும் அளவுக்குத் தனியார் ஊழியருக்குக் கிடைப்பதில்லை.

தனியார் ஊழியர்கள் கையில் இருப்பது வேறொரு வாய்ப்பு. ஊழியர்கள் எல்லோருக்குமாக நிறுவனம் எடுக்கும் குழுக் காப்பீடு பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகிறது. என்னென்ன சேர்க்க வேண்டும் என்று நிறுவனம் பேரம் பேசுவது அப்போதுதான். கண்ணாடிக்கும் பல் சிகிச்சைக்கும் இடம் கேட்கிறோம். மனநல மருத்துவரின் வெளிநோயாளர் கட்டணத்தையும் ஆலோசகர் அமர்வுகளையும் சேர்க்க வேண்டும் என்றும், ரசீதுகள் மனிதவளத் துறை வழியாகச் செல்லாமல் நேரே காப்பீட்டு நிறுவனத்துக்குச் செல்ல வேண்டும் என்றும் நாங்கள் சிலர் சேர்ந்து கையெழுத்திட்டுக் கேட்டிருக்கிறோம். பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், மார்ச் மாதம் மறுபடியும் கேட்போம்.