என் கதைல "பிரச்சனை எங்க"ன்னு கேட்டாங்க

போன மாசம் ஒரு சிறுகதை எழுதி ஒரு எடத்துக்கு அனுப்பியிருந்தேன். ரெண்டு பொண்ணுங்க ஜோடியா சேந்து வாழுறாங்க, அதுல ஒருத்தி குளிச்சிட்டு வந்து ஈரத்துண்ட கட்டில் மேலயே போட்டுட்டுப் போயிடுறா, அதுக்கு ஒரு சண்டை, நாள் பூரா பேச்சே கிடையாது, ராத்திரி யார் மொதல்ல வாயத் தொறக்குறதுன்னு ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துக் கெடக்குதுங்க. அவ்ளோதான் கதை. படிச்சவர் நல்ல மனுஷன்தான், மரியாதையாத்தான் பதில் போட்டாரு. "நடை நல்லா இருக்குங்க, ஆனா இதுல பிரச்சனை எங்க? வீட்டுக்குத் தெரிஞ்சு அடி உதை ஆகுற மாதிரி ஒரு சீன் வெச்சா இன்னும் அழுத்தமா இருக்கும்"னு.

அழுத்தமாம்! ஈரத்துண்டுல அழுத்தம் இல்லன்னு சொல்றவர் இதுவரைக்கும் யார்கூடயும் ஒரே ரூம்ல இருந்ததில்ல போல.

கோவம் ஆறினப்புறம் யோசிச்சா, அவர மட்டும் சொல்லி என்ன பண்றது, குயர் கதைன்னாலே, அதாவது ஆணும் ஆணும், பொண்ணும் பொண்ணும் காதலிக்கிற மாதிரி கதைன்னாலே, யாராவது சாகணும், இல்ல ஓடிப்போகணும்னு நூறு வருஷமா பழக்கி வெச்சிருக்காங்க. இங்கிலாந்து எழுத்தாளர் ஃபார்ஸ்டர் 'மாரிஸ்' நாவல எழுதினது 1913-14ல. ரெண்டு ஆம்பளைங்க காதலிச்சு கடைசில ஒண்ணா சேந்துடுறாங்க, முடிவு சந்தோஷமாத்தான் இருக்கணும்னு மனுஷன் ஒத்தக் கால்ல நின்னாரு. அந்த முடிவோட வெளியிட முடியாதுன்னு தெரிஞ்சு, நெருங்கின நண்பர்களுக்கு மட்டும் படிக்கக் குடுத்துட்டு உள்ள வெச்சிட்டாரு. கடைசில ஒரு பையன் தூக்குல தொங்கியிருந்தா ஒரு தொல்லையும் இருந்திருக்காதுங்கற மாதிரி அவரே பின்னாடி ஒரு குறிப்பும் எழுதி வெச்சாரு. ஆம்பளைங்க ஒண்ணா சேருறது குத்தம்ங்கற சட்டம் அங்க மாறினதே 1967ல. 1970ல அவர் செத்தாரு, 1971லதான் நாவல் வந்துச்சு. 57 வருஷம்! சேந்து வாழ்ந்தாங்கன்னு ஒரு முடிவு எழுதினதுக்கு. ஹாலிவுட்ல இன்னொரு கூத்து, 1934லேர்ந்து ஹேஸ் கோடுங்கற சினிமா தணிக்கை விதிகள கறாரா அமல்படுத்தி இந்த மாதிரி ஆளுங்கள வெளிப்படையா காட்டவே கூடாதுன்னுட்டாங்க, அதனால வில்லனோட நடைலயும் குரல்லயும் ஒளிச்சு வெச்சாங்க.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் வேற குரூப் வரும், "ஏன் எல்லாத்துலயும் அடையாளத்தத் திணிக்கிறீங்க, கலைய கலையா விடுங்களேன்"னு. சில சமயம் ரெண்டையும் ஒரே ஆளே சொல்வாரு, அதுதான் காமெடி.

அவங்களுக்கு நான் எப்பவும் சொல்றது ஃபெலிக்ஸ் கோன்சாலஸ் டோரஸ்ங்கற கலைஞரோட மிட்டாய்க் குவியல். 1991ல பண்ணது. கலர் கலரா பேப்பர் சுத்தின மிட்டாய், ரூம் மூலைல கொட்டி வெச்சிருப்பாங்க, ஆரம்ப எடை 175 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 79 கிலோ. பாக்க வர்றவங்க ஆளுக்கொண்ணு எடுத்து வாயில போட்டுக்கலாம். குவியல் கரைஞ்சுகிட்டே வரும், மறுபடி கொட்டி நெரப்பலாம். அவரோட காதலர் ராஸ் அதே வருஷம் எய்ட்ஸ்ல செத்துப்போனாரு, அந்த 175 பவுண்டு ராஸ் நல்லா இருந்தப்ப இருந்த எடைன்னு சொல்வாங்க. இது தெரிஞ்சப்புறம் அந்த மிட்டாய உங்களால சாதாரணமா மெல்ல முடியுமா? 2022ல அத வெச்சிருக்கற சிகாகோ மியூசியத்துல பக்கத்துல இருந்த குறிப்புல, தலைப்பத் தவிர விளக்கத்துல ராஸும் இல்ல எய்ட்ஸும் இல்ல, சராசரி ஆம்பளையோட எடைன்னு மட்டும் இருந்துச்சு. ஜனங்க சத்தம் போட்டப்புறம்தான் விளக்கத்துல ராஸ திரும்பச் சேத்தாங்க. கலைய கலையா விட்டா என்ன ஆகும்னு கேக்குறீங்கள்ல, இதான் ஆகும், மூலைல கொட்டின மிட்டாய் ஆயிடும்.

அதுக்காக அழுகையே எழுதக்கூடாதுன்னு நான் சொல்லல, அடி வாங்கினவங்க அடிய எழுதட்டும், அத எழுத அவங்களுக்கு எல்லா உரிமையும் இருக்கு. ஆனா என் கதைல எவ்ளோ கண்ணீர் இருக்கணும்னு அளந்து சொல்ற வேலைய வேற யாரும் எடுத்துக்க வேணாம்.

கதைல ஒரே ஒரு திருத்தம் பண்ணினேன், அதுவும் அவர் கேட்டது இல்ல. வீட்ல ஒருத்தி படிச்சுப் பாத்துட்டு "துண்டப் போட்டது நீ, கதைல மட்டும் எப்படி நான் ஆனேன்"னு கேட்டா. மாத்திட்டேன்.