பால்மாத் தேநீரும் பிள்ளையின் வயிறும்
பாலூட்டும் தாய் உண்ணும் எதுவும் குழந்தையின் வயிற்றைக் குழப்பும் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. முல்லைத்தீவில் என் மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது, பிள்ளை பெற்றவளுக்கு மிளகு, மல்லி போன்ற சரக்குகளை அரைத்துச் சமைக்கும் சரக்குக்கறியை நிறுத்தியும் மரக்கறிகளை ஒவ்வொன்றாக விலக்கியும் பார்த்தோம். பிள்ளையின் மலத்தில் சளியோடு நூலிழைபோல் தெரிந்த இரத்தம் மாறவேயில்லை. மருத்துவரின் சொற்படி, மகள் நாளுக்கு நான்கு தடவை குடித்துவந்த பால்மாத் தேநீரையும் தயிரையும் நிறுத்திய பின்னரே, ஏறத்தாழ 2 வாரங்களில் அது சீரானது. பசுப்பாலின் புரதம் தாய்ப்பாலில் சிறிதளவு கலந்து, பிள்ளைக்கு ஒவ்வாமல் போனதே காரணம் என்றார் அவர். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த ஒவ்வாமை இருப்பதில்லை. ஆகவே மருத்துவரைக் கேளாமல் எவரும் பாலை விலக்க வேண்டியதில்லை. விலக்கினால் தாய்க்குக் கல்சியம் குறையும் என்பதால், நாங்கள் நெத்தலியை முள்ளோடு சமைத்துக் கொடுத்தோம். எள்ளுருண்டையை அவள் கேட்காமலே எடுத்து உண்டாள்.