மரத்தை எடுக்கவில்லை, போடுகிறார்கள்
மேலே ஒருவர், கலிபோர்னியா கன்சர்வேஷன் கோர் இளைஞர்கள் "ஓடையில் விழுந்த மரங்களை அகற்றி சால்மன் மீனுக்கு வழிவிடுகிறார்கள், அதுவும் சம்பளமே இல்லாமல்" என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

சம்பள விஷயம் முதலில். 1976இல் ஜெர்ரி பிரவுன் ஆளுநராக இருந்தபோது தொடங்கிய மாநில அரசு அமைப்பு அது. 18 முதல் 25 வயது வரை உள்ளவர்கள் சேரலாம், சம்பளம் உண்டு. "கடும் உழைப்பு, குறைந்த சம்பளம், மோசமான சூழல்" என்பதுதான் அவர்களின் பிரபலமான வாசகமே! குறைவு என்று சொல்லுங்கள், இல்லை என்று சொல்லாதீர்கள்.

அப்புறம் மரம். 1950களிலிருந்து 70கள் வரை மீனுக்குத் தடை என்று நினைத்து ஓடைகளிலிருந்து மரங்களை அள்ளி எடுத்தது உண்மைதான். அந்தத் தவறைத்தான் இப்போது சரிசெய்கிறார்கள். கை வின்ச்சால் (கையால் இயக்கும் இழுவைக் கருவி) பெரிய மரத்தை அங்குலம் அங்குலமாக இழுத்து, கரையில் நிற்கும் இரண்டு மரங்களுக்கு நடுவே சொருகி, வெள்ளத்தில் போகாதபடி செய்கிறார்கள். தண்ணீர் அதில் மோதி அடியைக் குடைய, ஆழமான குளிர்ந்த மடு உருவாகும். கோஹோ என்ற வகை சால்மனின் குஞ்சு கடலுக்குப் போகுமுன் ஏறக்குறைய ஒரு வருடம் நன்னீரில் வளரும். கோடையில் அந்த மடுதான் அதற்கு வீடு. மழைக்கால வெள்ளத்தில் அந்த மரத்தின் மறைவுதான் ஒதுங்க இடம்.

வழியை மறிக்கும் மரக்குவியலை எடுப்பதும் சில இடங்களில் நடக்கும், சரி. ஆனால் முக்கிய வேலை அதுவல்ல.